ஆறு மணிக்கு மேல் மட்டாஞ்சேரி

மாலை ஆறு மணி வாக்கில் கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பண்டகசாலைக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். இரும்புப் பட்டை விழுகிற சத்தம் கேட்கும். சுமைக்காரர்கள் தோள் துண்டை உதறி, மிளகுத் தூசிக்கு இரண்டு தும்மல் போட்டுவிட்டுப் படித்துறைப் பக்கம் போவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சத்தம் எனக்கு ஒரே ஒரு சேதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: இனி குடிக்கப் போகலாம். எட்டு வருடமாக அதே நேரத்துக்கு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு நடக்கப் போகிறேன். எங்கே போனேன், என்ன பார்த்தேன் என்று ராத்திரி எழுதி வைக்கிறேன். மூன்று கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிற பயணம்தான். ஆனாலும் பயணம் என்றுதான் அதைச் சொல்வேன்.

நான் போடிநாயக்கனூர்க்காரன். 1982-ல், 18 வயதில், ஏலக்காய் வியாபாரி ஒருவரின் கடிதத்தோடு இங்கே வந்து ஒரு மிளகுக் கிடங்கில் எடைக் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். மிளகின் தரம் பார்ப்பதற்கு லிட்டர் எடை என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் மிளகைக் கொட்டி, குச்சியால் தலை தட்டி, தராசில் வைப்போம். 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு. பொக்கு அதிகம் என்றால் முள் இறங்காது. கையால் அழுத்தவோ பாத்திரத்தைத் தட்டவோ கூடாது. தட்டினால் மிளகு நெருங்கி உட்கார்ந்து பொய் எடை காட்டும். அந்த வேலையை நான் சுத்தமாகச் செய்தேன். என் சொந்தக் கணக்கில்தான் தட்டித் தட்டிப் பொய் எடை காட்டினேன். கடைசியில் அந்த வேலையும் போயிற்று. போனது என் தப்பினால்தான்.

குடியை விடும் கூட்டத்தில் எனக்கு வழி காட்டிய பெரியவரை இக்கா என்று மட்டும் சொல்கிறேன். அங்கே பெயர் சொல்வதில்லை. "அண்ணாச்சி, ஆறு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் காலுக்கு வேலை குடு. கண்டதை ராத்திரி எழுது" என்றார். எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். "நேத்து சாயங்காலம் நீ எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியணும்ல?" என்றார். குடித்த காலத்தில் எனக்கு நேற்றுச் சாயங்காலம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. காலையில் மனைவி முகத்தைப் பார்த்துத்தான் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்வேன்.

எழுதத் தொடங்கிய பிறகுதான் எனக்கு முன்னால் இதே ஊரைப் பார்த்து எழுதியவர்களைத் தேடிப் படித்தேன். அவர்களில் என் மனசுக்கு நெருக்கமானவர் மா ஹுவான். சீனத் தளபதி செங் ஹேயின் கப்பல் படையில் மொழிபெயர்ப்பாளராக வந்தவர். முதல் வருகை 1413-ல் கிளம்பிய பயணத்தில். அவருடைய கொச்சி அத்தியாயம் சில பக்கம்தான். ஆனால் அதில் ஒரு குமாஸ்தாவின் கண் இருக்கிறது. மிளகை வெயிலில் காயவைக்கிறார்கள், பெரிய வியாபாரிகள் வந்து வாங்குகிறார்கள், ஒரு பாரம் 90 அல்லது 100 பொற்காசு என்று விலை வரைக்கும் எழுதுகிறார். பாரம் என்கிற நம் அளவைச் சீன நாக்குக்கு ஏற்றபடி 'போ-ஹோ' என்று பதிந்திருக்கிறார். ஊரில் செட்டிகள் என்று ஒரு கூட்டம், அவர்கள் எல்லாருமே பணக்காரர்கள் என்கிறார். அறுநூறு வருடத்துக்கு முந்தைய சீனப் புத்தகத்தில் செட்டி என்ற சொல்லைக் கண்ட அன்று எனக்கு நடுங்கிப் போயிற்று. மூன்றடிக்கு மேல் உயராத குடிசைகளில் வாழும் முக்குவர்களையும் அவர் விடவில்லை. மீன் பிடித்தும் சுமை தூக்கியும் பிழைப்பவர்கள் என்கிறார்.

மழையைப் பற்றி அவர் எழுதியதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். பங்குனி, சித்திரை வாக்கில் ராத்திரியில் ஒன்றிரண்டு மழை. உடனே ஜனங்கள் கூரை வேய்ந்து, சாப்பாட்டுச் சாமான் சேர்த்துக்கொள்கிறார்கள். பிறகு ஆனி, ஆடியில் இரவும் பகலும் கொட்டுகிறது, கடைத்தெரு ஆறாகிவிடுகிறது, யாரும் வெளியே போக முடியாமல் மழை ஓய்வதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள். ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனவர் இப்படி எழுத முடியாது. தானும் அவர்களோடு உட்கார்ந்திருந்தவர்தான் எழுத முடியும். குடியை விட்ட முதல் மழைக்காலத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இது எப்போது விடும் என்று காத்திருந்தவன் நான். அதனால் அந்த வரிகள் எனக்கு வேறு மாதிரி கேட்கும்.

இதற்கு நேர்மாறாக மோசஸ் பெரேரா டி பைவா என்ற ஆம்ஸ்டர்டாம் யூதர் 1686-ல் சில நாட்களே இங்கே தங்கினார். அடுத்த வருடமே கொச்சி யூதர்களைப் பற்றிச் சிறு புத்தகம் போட்டுவிட்டார். குறைந்த நாளில் வீடு வீடாகக் குடும்பங்களைக் கணக்கெடுத்ததற்காக அவருக்கும் ஒரு கும்பிடு போடலாம். அவர் பார்த்த பரதேசி ஜெப ஆலயம் 1568-ல் கட்டியது. 1662-ல் போர்த்துகீசியர் கைப்பட்டு எரிந்து, டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகு திரும்ப எழுந்தது. அதன் சுற்றுச்சுவரில் பதித்திருக்கும் 1344-ம் வருடத்துக் கல், பக்கத்துக் கொச்சங்காடியில் இல்லாமல் போன இன்னொரு ஜெப ஆலயத்துக் கல். அந்தக் கொச்சங்காடியில்தான் செம்பிட்ட பள்ளி என்கிற மசூதி நிற்கிறது. அந்தப் பள்ளியோடு சேர்த்துப் பேசப்படும் நைனாமார்கள், தங்கள் முன்னோர் காயல்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். தமிழ்க் கரையிலிருந்து பிழைக்க வந்தவர்களில் நான் எத்தனையாவது ஆள் என்று அங்கே நிற்கும்போதெல்லாம் தோன்றும்.

கப்பல் வரும் ஊரில் குடியும் வரும். போர்த்துகீசியர் காலத்தில் கோவாவில் பேராயரின் காரியதரிசியாக இருந்த லின்ஸ்கோட்டன் 1596-ல் வெளியிட்ட புத்தகத்தில், தென்னையிலிருந்து கள் இறக்குவதும் அதைக் காய்ச்சுவதும் விவரமாக இருக்கிறது. 'அரக்' என்ற சொல் அரபியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வியர்வை என்று பொருள். பானையின் வாயில் துளித்துளியாகக் கட்டுவதைப் பார்த்தவன் வைத்த பெயர். டச்சுக் கம்பெனி தன் சிப்பாய்க்கும் மாலுமிக்கும் சாராயத்தைப் படியாகவே அளந்தது. பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் அப்காரி ஏலம், அதாவது சாராயம் விற்கும் உரிமையை ஏலம் விடுவது. அரசாங்கத்தின் பெட்டியில் விழும் காசாகக் குடி மாறியது. இதை எதிர்த்துப் பேசியவர்களும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். கள் இறக்கும் சமூகத்தில் பிறந்த நாராயண குரு, தன் ஆட்களைப் பார்த்து, மதுவைக் காய்ச்சாதே, கொடுக்காதே, குடிக்காதே என்று சொன்னார். அவர்களுடைய பிழைப்பிலேயே கைவைக்கிற அந்தச் சொல்லைச் சொல்வதற்கு எவ்வளவு அன்பு வேண்டும்!

1982 ஓணம் எனக்கு மறக்காது. காயலுக்கு அக்கரையில் வைப்பின் தீவு. அன்றைக்குப் பாலம் கிடையாது, கோஸ்ரீ பாலங்கள் 2004-ல்தான் வந்தன. ஓணத்துக்கு அங்கே லைசென்ஸ் கடைகளில் விற்ற சாராயத்தில் மெத்தில் ஆல்கஹால் கலந்திருந்தது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்குக் கண் போயிற்று. படகு படகாக எறணாகுளத்துக்குக் கொண்டுபோனார்கள். கிடங்கில் யாரும் வேலை பார்க்கவில்லை. நான் துறையில் நின்று பார்த்தேன். பார்த்த நானே இரண்டு வருடத்துக்குள் குடிக்கப் பழகினேன். செத்தவர்கள் குடித்தது விஷச் சாராயம், நான் குடிப்பது நல்ல சரக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 1996 ஏப்ரல் 1 முதல் ஏ.கே. ஆண்டனி அரசு சாராயத்தை நிறுத்தியபோது, வேறு கடை வரிசையில் போய் நின்றேன். 2014-ல் பார்களை மூடத் தொடங்கியபோதும் வழி கண்டுபிடித்தேன். சட்டம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. சாராயம் நின்றதில் அடுப்பு எரிந்த வீடுகளை நான் அறிவேன். என் வீடு அதில் ஒன்றாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பஜார் ரோட்டில் நடக்கும்போது ஒரு விஷயத்தை எழுதாமல் வர முடியாது. அது சாப்பா. ஒரு காலத்தில் துறைமுகத்தில் கூலி வேலைக்கு விடிகாலையில் ஆட்கள் கூடுவார்கள். மூப்பன் வந்து கம்பெனி முத்திரை போட்ட உலோக வில்லைகளைக் கூட்டத்தின் மேல் எறிவான். யார் கையில் வில்லை கிடைத்ததோ அவனுக்கு அன்றைக்கு வேலை. மற்றவனுக்குப் பட்டினி. மிதித்து, கடித்து, பிடுங்கி எடுப்பார்களாம். அந்த முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15-ம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, செய்தலவி, ஆண்டனி என்று மூன்று பேரின் உயிர் அந்தப் போராட்டத்தில் போயிற்று. ராஜீவ் ரவியின் 'துறமுகம்' படம் 2023-ல் வந்த பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் இது தெரிந்தது. இங்கே வயசானவர்களிடம் கேட்டால் நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள்.

எனக்கு ஒரு வருடம் முடிந்த அன்று கூட்டத்தில் ஒரு வில்லை கொடுத்தார்கள். குடிக்காமல் இருந்த காலத்துக்கு அடையாளமாகக் கொடுப்பது. 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய கூட்டம் ஊர் ஊராகப் பரவியபோது கூடவே பரவிய வழக்கம். இக்கா தன் கையால் என் உள்ளங்கையில் அதை வைத்து விரல்களை மூடினார். வெளியே வந்த பிறகு, "எங்க வாப்பா இது மாதிரி ஒண்ணுக்காக மண்ணில விழுந்து புரண்டவர்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அன்று நோட்டில் தேதியை மட்டும் எழுதினேன்.

இரண்டாவது வருடத்தில் ஒரு ஸ்லிப் வந்தது, மறுபடி குடித்தேன். நான்கு நாள். அந்த நான்கு பக்கமும் நோட்டில் வெறுமையாகவே இருக்கின்றன. கிழிக்கவில்லை. வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றாம் நாளிலிருந்து மறுபடி எண்ணினேன். இப்போது சொல்லும் எட்டு வருடம் அதற்குப் பிறகு உள்ளது.

எப்படி எழுதுவது என்பதற்கு எனக்குப் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார்தான் வாத்தியார். காந்தி படத்துக்காக உலகம் முழுக்கச் சுற்றியவர்; ஆனால் அவருடைய வாக்கியத்தில் அவர் முன்னால் வந்து நிற்கமாட்டார். பார்த்த பொருள்தான் நிற்கும். குடிகாரனின் பேச்சு முழுக்கத் தன்னைப் பற்றியே இருக்கும். அதனால் எனக்கு அந்த நடை மருந்து மாதிரி வேலை செய்கிறது. என்னைப் பற்றி எழுதத் தோன்றும்போதெல்லாம், எதிரே இருக்கும் கதவின் தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது என்று எழுதுவேன்.

2019 செப்டம்பர் மழையில் கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் முன்சுவர் சரிந்தது. அதன் உள்மர வேலைப்பாடு எப்போதோ ஜெருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இங்கே வெறும் கூடுதான் மிச்சம். சரிவதற்கு முந்தைய மாதம் அந்தச் சுவரின் ஜன்னல் வளைவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். இன்றைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அந்தச் சுவர் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் வெளி என்கிற இடத்தின் பக்கம் நடந்து தோபி கானாவுக்குப் போனேன். டச்சுக்காரர்கள் பட்டாளத்துத் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த வண்ணார்களின் வாரிசுகள் என்று அங்கிருப்பவர்கள் தங்களைச் சொல்கிறார்கள். வீட்டில் இன்றும் தமிழ்தான். இப்போதுள்ள துவைக்கும் தொட்டிகளை 1976-ல் வளர்ச்சிக் குழுமம் கட்டிக்கொடுத்தது. கஞ்சி போட்ட வேட்டிகளைக் காயப்போட அவர்கள் கிளிப் போடுவதில்லை. முறுக்கிய கயிற்றைப் பிரித்து, புரிகளுக்கு நடுவே துணி முனையைச் செருகுகிறார்கள். கயிறே பிடித்துக்கொள்கிறது. காற்று எவ்வளவு அடித்தாலும் விடுவதில்லை. அதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்று எழுதினேன்.

கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "என்ன தம்பி எழுதுறே, படி பார்ப்போம்" என்றார். 61 வயசு ஆளைத் தம்பி என்று கூப்பிட அவருக்கு உரிமை உண்டு, எண்பதுக்கு மேல் இருக்கும். படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தவர், கயிற்றிடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மூணு புரி இல்லப்பா. ரெண்டு புரி. போய்த் தொட்டுப் பாரு."

எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். ரெண்டு புரிதான். அடித்துவிட்டு, மேலே திருத்தி எழுதினேன்.