சத்தம் போகாத கம்பி

திருச்சி ரோடு வழியாகச் சிங்காநல்லூருக்கு வந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு, தமிழ்ச் சினிமாவின் பெரிய பட்டறை ஒன்று இங்கே இருந்தது தெரியுமோ! 1930களில் தோன்றிய சென்ட்ரல் ஸ்டூடியோ இந்த ஊரில்தான் இருந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947), ஜூபிடர் பிக்சர்ஸார் இங்கே எடுத்த படம். இசை எஸ். எம். சுப்பையா நாயுடு. பின்னாளில் மெல்லிசை மன்னர் என்று கொண்டாடப்பட்ட எம். எஸ். விசுவநாதன் அந்தக் கம்பெனியில் எடுபிடிப் பையனாக இருந்தவர்.

அந்தப் படங்களின் கதையைவிட, அவற்றின் சத்தத்தில்தான் எனக்கு மோகம். பாட்டு அப்போது ஃபிலிமிலேயே ஒளிக்கோடாகப் பதிவாகும். பாடுகிறவரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். தபலா ஓங்கினால் மைக்கை விட்டுத் தள்ளி உட்கார வேண்டும். குரல் எடுபடாவிட்டால் நெருங்கி வர வேண்டும். ஃபிலிமில் இன்று நமக்குச் சத்தம் கிடைக்கிறது. யார் எத்தனை அடி தள்ளி உட்கார்ந்தார் என்பது கிடைப்பதில்லை. பதார்த்தம் இருக்கிறது, பக்குவம் போய்விட்டது.

பக்குவத்தை மட்டும் சுமந்து, பதார்த்தத்தைத் தொடாத ஒரு கம்பியும் உலகத்தில் உண்டு. அதன் பெயர் மிடி.

எங்கள் தெருப் பையன் ஒருவன் கிதார் வாசிக்கிறான். எதிரொலி, கரகரப்பு, நடுக்கம் எல்லாம் சேர்க்கும் எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்று வைத்திருக்கிறான். அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்துத் திரையிலேயே திருத்த வேண்டுமென்று ஒரு மாலை முழுவதும் மல்லுக்கு நின்றான். “ஏனுங்க, கம்பியெல்லாம் மாட்டிட்டேனுங்க, கிதார் சத்தமே வரமாட்டேங்குதுங்க” என்று என்னிடம் முறையிட்டான். எப்படி வரும்? அது சத்தத்துக்கான கம்பியே அல்லவே!

1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின்னணு வாத்தியம் செய்யும் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு பாஷை வைத்திருந்தது. ஒன்றின் யந்திரம் சொல்வது மற்றதற்குப் புரியாது. ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியை நிறுவிய இகுடாரோ காகேஹாஷியும், அமெரிக்காவில் சீக்வென்ஷியல் கம்பெனியை நடத்திய டேவ் ஸ்மித்தும் போட்டி வியாபாரிகள். ஆனாலும் 1981இல் பொது பாஷைக்கு முயன்றார்கள். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த வாத்தியக் கண்காட்சியில், சீக்வென்ஷியலின் ப்ராஃபெட்-600ஐயும் ரோலண்டின் வாத்தியத்தையும் கம்பியால் இணைத்தார்கள். ஒன்றில் விரல் வைத்தால் மற்றதும் பாடியது. ரோலண்ட் வாத்தியத்தின் பெயர் என்ன தெரியுமா? ஜூபிடர்-6! சிங்காநல்லூர்க்காரனுக்கு இதைப் படிக்கும்போது சிரிப்பு வராமல் இருக்குமா?

அந்த பாஷையை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். நம் வியாபாரிகளிடம் இதைச் சொன்னால் பிழைக்கத் தெரியாதவர்கள் என்பார்கள். 2013இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

கம்பியில் போவதெல்லாம் எண்கள். ‘இந்தச் சுரத்தை இவ்வளவு அழுத்தமாக ஒலி’, ‘இந்தக் குமிழை இவ்வளவு திருப்பு’ என்ற கட்டளைகள். அளவு 0 முதல் 127 வரை. பெட்டியின் அந்தரங்க அமைப்பு முழுவதையும் அனுப்பத் தனிச் செய்தி உண்டு. அது 240 என்ற எண்ணில் தொடங்கி 247இல் முடியும். தொடக்கத்தை அடுத்துக் கம்பெனியின் அடையாள எண் வரும். ரோலண்டுக்கு 65, யமஹாவுக்கு 67. தன் எண் இல்லாத கடிதத்தைப் பெட்டி பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

பையனின் கோளாறு இரண்டு. பெட்டியின் வெளிவாயைக் கம்ப்யூட்டரின் வெளிவாயிலேயே செருகியிருந்தான். இரண்டு பேரும் பேசினால் கேட்பது யார்? வெளிவாய் எதிராளியின் உள்வாய்க்குப் போக வேண்டும். கேள்விக்கு ஒரு கம்பி, பதிலுக்கு ஒரு கம்பி. அதை மாற்றிய பிறகும் பெட்டி மௌனம் சாதித்தது. பெட்டியில் குறித்திருந்த சாதன எண் ஒன்று. கம்ப்யூட்டர் கூப்பிட்ட எண் வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதும் திரையில் குமிழ்கள் தாமாகத் திரும்பின. வினாடிக்கு 31,250 துணுக்குகள்தான் அந்தக் கம்பியின் வேகம். ஆகவே பெட்டி தன் சரித்திரம் முழுவதையும் ஒப்பிக்கச் சில வினாடி பிடித்தது.

தமிழ்ச் சினிமாவுக்குக் கம்ப்யூட்டர் இசை வந்ததைச் சொல்லும்போது இளையராஜாவின் ‘புன்னகை மன்னன்’ (1986) படத்தைக் குறிப்பிடுவார்கள். ‘ராஜகுமாரி’க்கும் அதற்கும் இடையே 39 ஆண்டுகள். அதற்குள் ஜூபிடரார் கோவையை விட்டுச் சென்னைக்குப் போய், ஸ்டூடியோவின் காலமும் முடிந்திருந்தது.

2020இல் மிடியின் இரண்டாம் பதிப்பு வெளியாயிற்று. 127 என்ற வரம்பு அதில் பல மடங்கு விரிந்தது. ஆனால் பழைய பாஷையைத் தள்ளிவிடவில்லை. 1980களின் பெட்டியில் யாரோ திருப்பி வைத்த குமிழ்களின் எண்கள் கோப்பில் இருந்தால், அதே வகைப் பெட்டிக்கு இன்றும் அனுப்பலாம். பெட்டியும் அந்தக் குமிழ்களை அப்படியே திருப்பிக்கொள்ளும். கிதாரை மட்டும் யாராவது வாசிக்க வேண்டும்.