மருத்துவத்தின் ஐந்தாம் கூறு



வள்ளுவர் பெருமான் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் வைத்தியன், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து அம்மருந்தை வேளை தவறாது கொடுத்துப் பேணுபவன் என்பன அந்நான்கும். பேணுபவனை வைத்தியனுக்கும் மருந்துக்கும் ஒப்ப வைத்து எண்ணிய நுட்பம் போற்றத்தக்கது. சென்ற நூறாண்டு மருத்துவ வரலாறோ இந்நான்கினோடு ஐந்தாவது ஒன்றையும் சேர்த்துள்ளது. அதே நோயை முன்னரே அனுபவித்து, அதே சிகிச்சையைக் கடந்து வந்த மற்றொரு நோயாளியே அந்த ஐந்தாம் கூறு. உடற்பருமனைக் குறைத்தற்பொருட்டு இரைப்பையிற் செய்யப்படும் சத்திர சிகிச்சையின் கதையைக் கொண்டு இதனை விளக்க விரும்புகின்றேன்.

இப்பொருளை நான் தேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் கல்வி பயின்ற பெண்ணொருத்தி கனடாவிலிருந்து கரவெட்டிக்கு வந்திருந்தாள். சிறு வயது முதலே பருத்த உடம்பினள். வகுப்பிலே பிள்ளைகள் அவளைப் பட்டப்பெயர் சொல்லி அழைத்ததை நான் அறிவேன். அதனைக் கண்டிக்க வேண்டிய அளவுக்குக் கண்டித்தேனல்லேன் என்பதையும் அறிவேன். அன்று என் வீட்டு வாயிலில் நின்றவளைக் கண்டதும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதியாக மெலிந்திருந்தாள். "என்ன பிள்ளை, ஏதும் வருத்தமோ?" என்று கேட்டேன். அவள் சிரித்து மழுப்பினாள். என் மனைவியார் புட்டும் கறியும் படைத்தார். அவள் சிறிதளவே உண்டு கையை எடுத்தாள். "இதென்ன சாப்பாடு, இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று வற்புறுத்தியவன் நானேதான். எங்கள் மனங் கோணாதிருக்க அவள் மேலும் உண்டாள். சிறிது நேரத்தில் எழுந்து கொல்லைப்புறம் சென்று, உண்டதனைத்தையும் வாந்தி எடுத்தாள்.

பின்னர், கிணற்றடியில் முகங் கழுவிவிட்டு வந்து உண்மையைச் சொன்னாள். "சேர், எனக்கு இரைப்பையிலே ஒப்பறேசன் செய்தது. ஊரிலே ஒருவருக்கும் சொல்லவில்லை. புற்றுநோய் என்று கதைக்கிறார்கள். கதைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்." புற்றுநோய் என்னும் பழியைத் தாங்குவது, உண்மையைச் சொல்லிப் பரிகசிக்கப்படுவதிலும் அவளுக்கு எளிதாயிருந்தது. அச்சொல் என்னை வெகுநாள் உறங்கவிடவில்லை. அதன் பின்னரே இச்சிகிச்சையின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

இரைப்பையை அறுத்து மனிதனைப் பிழைக்க வைக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் வியன்னா நகரத்துச் சத்திர வைத்தியர் தியோடர் பில்ரோத். 1881 ஆம் ஆண்டு சனவரியில், புற்றுநோயுற்ற பெண்ணொருவரின் இரைப்பையின் ஒரு பகுதியை அவர் வெற்றியுடன் அகற்றினார். அக்காலத்தில் யாழ்ப்பாணமும் மேலைச் சத்திர வைத்தியத்தை அறியாத நாடாயிருக்கவில்லை. 1847 இல் இங்கு வந்து மானிப்பாயிலே பணிபுரிந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், எம்மவருக்கு எம்மொழியிலேயே வைத்தியம் கற்பித்து, 'இரணவைத்தியம்' முதலாய நூல்களைத் தமிழில் வெளிவரச் செய்தார். ஆயினும் அந்நாளைய கத்தி, நோயுற்ற உறுப்பை அகற்றவே எடுக்கப்பட்டது. நன்றாய் இயங்கும் இரைப்பையைச் சிறிதாக்கலாம் என்று எவரும் எண்ணியதில்லை.

அவ்வெண்ணம் தோன்றியது இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே. 1950களில் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த வைத்தியர்கள், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாது செல்லும்படி குறுக்குவழி அமைத்தனர். உடம்பு மெலிந்தது உண்மையே. ஆனால் ஓயாத வயிற்றோட்டமும், சிறுநீரகக் கல்லும், ஈரல் கெடுதலும் பின்தொடர்ந்தன. காலப்போக்கில் அம்முறை கைவிடப்பட்டது. 1966 இல் அயோவாப் பல்கலைக்கழகத்து எட்வேட் மேசன் என்பார், சிக்காஷி இட்டோ என்பவருடன் சேர்ந்து வேறொரு வழி கண்டார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்கள் மெலிந்தே இருப்பதை அவர் கவனித்திருந்தார். அதனையே பருமனுக்கு மருந்தாக்கினார். இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதனைச் சிறுகுடலோடு பொருத்தும் முறை இவ்வாறு பிறந்தது. இரைப்பையில் ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கை அகற்றி, எஞ்சியதை ஒடுங்கிய குழாய் போலாக்கும் மற்றொரு முறை பின்னர் வந்தது. இந்நாளில் சிறு துளைகளினூடே கருவி செலுத்திச் செய்யப்படும் இச்சிகிச்சை கொழும்பிலும் சென்னையிலும் நடைபெறுகின்றது.

இதனை அழகுக்காகச் செய்யும் அலங்காரம் என்று கருதுவோர் உளர். அது தவறு. 1995 இல் வோல்ற்றர் போரீஸ் என்னும் அமெரிக்க வைத்தியர், இச்சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளர் பெரும்பாலோர்க்கு இரத்தத்திற் சர்க்கரை சீரடைந்து நெடுங்காலம் நிலைத்ததை எடுத்துக் காட்டினார். 1987 இல் சுவீடனிலே தொடங்கிய பேராய்வு ஒன்று, சிகிச்சை பெறாதாரிலும் பெற்றார் நீண்டகாலம் வாழ்வதை 2007 இல் நிறுவியது. உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கும் உடற்பருமச் சுட்டெண் 40க்கு மேற்பட்டோர்க்கும், 35க்கு மேற்பட்டு வேறு நோயும் உடையோர்க்கும் இது தகும் என 1991 இல் அமெரிக்க அறிஞரவை ஒன்று வரையறுத்தது. 2022 இல் வெளிவந்த புதிய நெறிமுறை இவ்வெல்லைகளைத் தாழ்த்தியதோடு, ஆசிய மக்களின் பருமனை 25 என்னும் எண்ணிலிருந்தே கணித்தல் வேண்டும் என்றது. எமது உடம்பு குறைந்த பருமனிலேயே நீரிழிவுக்கு ஆளாவதே இதற்குக் காரணம்.

கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வாழ்வின் வேலை அதன் பின்னரே தொடங்கும். முதலில் நீர், பின்னர் கூழ், பின்னர் மசித்த உணவு, வாரங்கள் கழிந்த பின்பே சோறும் கறியும். அதுவும் சில கரண்டிகளே. மெல்ல மென்று உண்ண வேண்டும். உணவோடு நீர் அருந்தலாகாது. மீனோ முட்டையோ பருப்போ முதலில்; சோறு பின்னர். இனிப்பை மிகுதியாக உண்டால் நெஞ்சு படபடத்து, வியர்த்து, தலை சுற்றும். சில மாதங்களில் தலைமயிர் கொத்தாக உதிரும். அது பெரும்பாலும் மீண்டும் வளரும் என்று சொல்வார் இல்லையேல் எந்தப் பெண்ணும் அஞ்சுவாள். இரும்புச் சத்து, கல்சியம், விற்றமின் பி பன்னிரண்டு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை ஆயுட்காலம் முழுவதும் உட்கொள்ள வேண்டும். ஓராண்டு, ஒன்றரையாண்டு வரை கருத்தரித்தலைத் தவிர்க்க வேண்டும். ஆடவர்க்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. சிறுத்த இரைப்பையில் மது விரைந்து ஏறும். குடற்பாதை மாற்றப்பட்டோரிடையே இரண்டாம் ஆண்டில் மதுப்பழக்கம் மிகுவதை 2012 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. தவறணையில் ஒரு போத்தல் கள்ளைத் தாங்கிய உடம்பு, பின்னர் அரைப் போத்தலையும் தாங்காது.

உள்ளத்தில் நிகழும் மாற்றமோ இதனினும் பெரிது. பருமனாயிருந்தபோது பாராதார் இப்பொழுது பார்க்கின்றனர். அம்மதிப்பு மகிழ்ச்சியோடு கசப்பையும் தருகின்றது. துயரம் வந்தபோதெல்லாம் உணவிலே ஆறுதல் தேடியவர்க்கு அவ்வாறுதல் அடைபட்டுவிட்டது. சில ஆண்டுகளின் பின் எடை சிறிது ஏறுமாயின், தோற்றுவிட்டோம் என்னும் நாணம் அவர்களை வைத்தியரிடமிருந்தே ஒளிக்கச் செய்கின்றது. இவற்றுக்கு மருந்துக்கடையில் மருந்தில்லை. இங்கேதான் ஐந்தாம் கூறு வேண்டப்படுகின்றது.

அக்கூறு மருத்துவத்துட் புகுந்த வரலாறு சுவையானது. 1905 இல் பொஸ்ரன் நகரத்து வைத்தியர் யோசேப் பிறற் என்பார், சுகவனங்களிலே தங்கிச் சிகிச்சை பெற வசதியற்ற ஏழைக் காசநோயாளரை ஒரு தேவாலயத்தின் ஆதரவுடன் வாரந்தோறும் கூட்டினார். நோய்க் கட்டுப்பாடுகளை ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே போதிக்க நேரம் போதாமையால் ஒருங்கு கூட்டிய கூட்டம் அது. ஆயின், ஒருவர் தேறுவதைக் கண்டு மற்றவர் ஊக்கம் பெறுவதை அவர் கண்டார். இனமும் மதமும் வேறாயினும் ஒரே நோய் அவர்களை உறவினராக்கியது. அன்று அவர்கள் மகிழ்ந்தது எடை கூடியதைக் கண்டு. இன்று நாம் பேசுவோர் மகிழ்வது எடை குறைவதைக் கண்டு. உறவு ஒன்றே.

1935 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரிலே, குடியிலிருந்து மீண்டுகொண்டிருந்த வில்சன் என்னும் பங்கு வியாபாரி, குடிக்கு அடிமையான சிமித் என்பவரைச் சந்தித்தார். சிமித்தோ ஒரு சத்திர வைத்தியர். கல்வியும் மருத்துவமும் காப்பாற்றாத அவரை, தம்மைப் போன்ற மற்றொருவரின் பேச்சு காப்பாற்றிற்று. 'பெயர் கூறாக் குடிநோயாளர்' சங்கம் அச்சந்திப்பிற் பிறந்தது. 1948 இல் மில்வோக்கி நகரத்து எஸ்தர் மான்ஸ் என்னும் இல்லத்தரசி, அதே முறையை உடற்பருமனுக்கு ஏற்றித் தோழியர் மூவருடன் ஒரு கழகம் தொடங்கினார். 1951 இல் பொஸ்ரனில் இருதயச் சத்திர சிகிச்சை பெற்ற நால்வர், இனிப் பெறவிருப்போரின் கட்டிலருகே சென்று தைரியம் கூறும் சங்கத்தை அமைத்தனர். கத்தியைக் கண்டு நடுங்குபவனுக்குக் கத்தியைக் கடந்தவனே சான்று என்பதை அந்நால்வரும் உணர்த்தினர்.

இரைப்பைச் சத்திர சிகிச்சை பரவிய இடங்களிலெல்லாம் இவ்வழக்கமும் உடன் சென்றது. கூட்டங்களுக்கு ஒழுங்காக வருவோர் மிகுதியாக எடை குறைவதை, 2011 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று கண்டது. ஊக்கமுடையாரே கூட்டத்துக்கு வருகின்றனர் என்று ஐயுறுவாரும் உளர், அவ்வையம் நியாயமானதே. ஆயினும் என் மாணவி கூறியது ஒன்று எனக்குப் போதும். ரொறன்ரோவில் மாதமொருமுறை அவள் செல்லும் கூட்டத்தில், மொழியும் நாடும் வேறான பெண்கள் வட்டமாக அமர்வர். "இன்று எத்தனை கரண்டி உண்டாய்?" என்பதே முதற் கேள்வி. "அங்கே மட்டுந்தான் சேர், நான் விளக்கஞ் சொல்லத் தேவையில்லை" என்றாள்.

ஊரில் அவள் விளக்கஞ் சொல்ல வேண்டியிருப்பது ஏன்? எம்மை நாமே குறை கூறுமுன் எம் வரலாற்றையும் நினைத்தல் வேண்டும். 1990இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் மண்ணெண்ணெயும் அரிதாகிய காலத்தில் நாம் சைக்கிளிலேயே எங்கும் சென்றோம், கிடைத்ததை உண்டோம். 1995 இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, இருந்த கஞ்சியைப் பகிர்ந்தோம். பசியை அறிந்த சமூகத்துக்கு, உண்ணக் கொடுத்தலே அன்பின் முதல் மொழி. பருத்த உடம்பே சுகத்தின் அடையாளம். 2009 இல் வீதி திறந்து பொருள்கள் தாராளமாக வந்தன. சைக்கிளின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்தது. உணவு பெருகியது, நடை குறைந்தது. ஆனால் அன்பின் மொழி பழையதாகவே நின்றுவிட்டது.

1850 இல் யாழ்ப்பாணத்திலே அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் எழுந்த வைத்தியசாலைக்கு 'ஆபத்திலுதவும் நண்பர்' என்னும் பொருளுடைய பெயரே வழங்கிற்று. இன்றைய போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அதுவே. நண்பன் என்னும் சொல்லோடு பிறந்த மருத்துவம் எம்முடையது. அதனை மீட்டெடுத்தல் அரிதன்று.

என் மாணவி திரும்பிச் செல்லுமுன் ஒன்று நிகழ்ந்தது. அயற் கிராமத்து இளைஞன் ஒருவன் கொழும்பிலே இதே சிகிச்சை பெற்று, எடை குறைந்ததும் எல்லாம் முடிந்தது என்றெண்ணி மாத்திரைகளை நிறுத்தியிருந்தான். சோர்ந்து, வெளிறி, வெளியே வராது கிடந்தான். அவன் தாயாரின் விருப்பத்தோடு அவள் போய்ப் பார்த்தாள். அவள் வைத்தியம் கூறவில்லை. மந்திகை ஆதார வைத்தியசாலைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்விக்கும்படியே கூறினாள். இரத்தச் சோகை என்று தெரிந்து சிகிச்சை தொடங்கிற்று. ஞாயிறுதோறும் இருவரும் தொலைபேசியில் இன்றும் பேசுகின்றனர். துணைவன் வைத்தியன் ஆகலாகாது. கேட்ட இரகசியத்தைப் பிறர்க்குச் சொல்லலாகாது. இவ்விரு விதிகளும் இத்துணைக்கு அரண்.

சென்ற ஆண்டு அவள் மீண்டும் வந்தாள். என் மனைவியார் ஒரு சிறு தட்டிலே ஓர் அவித்த முட்டையும் இரண்டு கரண்டிப் பயறும் வைத்தார். நான் ஒன்றும் சொல்லாதிருந்தேன். அவள் முழுவதையும் உண்டாள். பின்னர், சிகிச்சையைப் பற்றி என் மனைவியாரிடம் தானாகவே பேசத் தொடங்கினாள். விருந்தினரை வற்புறுத்தாது விடுதலும் விருந்தோம்பலே என்பதை ஐம்பது வயதைக் கடந்த பின் என் மாணவியிடமே கற்றேன்.