உலக அரங்கம் காணாத வீரர்

விளையாட்டு வீரர் ஒருவரின் பெருமையை அவர் வென்ற கிண்ணங்களைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். அந்த அளவுகோல் சீனாவின் பூப்பந்து ஒற்றையர் ஆட்டக்காரர் தாங் சியென்ஹுவிடம் பொய்த்துப் போகின்றது. அகில இங்கிலாந்துப் போட்டியின் வெற்றியாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தாமஸ் கிண்ணத்துக்காக அவர் ஒருநாளும் மட்டை ஏந்தியதில்லை. ஆயினும், 1960களில் அவரோடு மோதியவர்களும் அவர் ஆட்டத்தைக் கண்டவர்களும் அவரைத் தம் காலத்தின் தலைசிறந்த வீரருள் ஒருவராகவே மதித்தனர்.

தாங் 1942ஆம் ஆண்டு சுமத்திராவின் தென்கோடியிலுள்ள தெலுக் பெத்துங் நகரில் ஒரு சீனக் குடும்பத்தில் பிறந்தார். இந்தோனேசியர் அவரைத் தோங் சின் ஃபு என்றே அழைத்தனர். பூப்பந்தை அவர் கற்றது அம்மண்ணில்தான். 1958இல் இந்தோனேசியா முதன்முறையாகத் தாமஸ் கிண்ணத்தைக் கைப்பற்றியபோது நாடே அவ்விளையாட்டின்மேல் பித்துக் கொண்டிருந்தது.

ஆனால் மறு ஆண்டே காற்று திசை மாறிற்று. கிராமப்புறங்களில் அயல்நாட்டார் சில்லறை வாணிகம் செய்யலாகாது என்று 1959இல் இந்தோனேசிய அரசு ஆணை பிறப்பித்தது. ஆணை அயல்நாட்டாரைக் குறித்ததாயினும் அடி விழுந்தது சீனரின் வாழ்வின்மீது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் சீனாவுக்குக் கப்பலேறினர். 1960இல், பதினெட்டு வயதை எட்டியிருந்த தாங்கும் சீனா சென்றார். இந்தோனேசியாவிலிருந்து சென்ற இத்தகைய இளைஞர்களே சீனப் பூப்பந்துக்கு அடித்தளமிட்டனர். தாங்கின் அணித்தோழரும் போட்டியாளருமாகிய ஹோ சியாசாங்கும் ஜாவாவின் செமாராங்கில் பிறந்தவரே.

1963ஆம் ஆண்டு நவம்பர் மாதம், புதிதாய் எழுச்சி பெற்ற நாடுகளின் விளையாட்டு விழாவை அதிபர் சுகார்னோ ஜாகர்த்தாவில் நடத்தினார். மூன்றாண்டுகளுக்கு முன் நீங்கிச் சென்ற மண்ணுக்கு வேறொரு கொடியின் கீழ்த் திரும்பி வந்த தாங், ஒற்றையர் பிரிவில் வாகை சூடினார். 1965இல் சீன அணி டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் சென்றது. அகில இங்கிலாந்துப் போட்டியை மொத்தம் ஏழு முறை வென்ற எர்லண்ட் கோப்ஸ் அப்போது ஐரோப்பாவின் முடிசூடா மன்னர். அவருக்கு எதிரான ஓர் ஆட்டத்தைத் தாங் 15-0 என்று முடித்தார். அக்கால விதிப்படி, பந்தைப் போடுபவருக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். அந்த ஆட்டத்தில் கோப்ஸ் தம் முறை வந்தபோதெல்லாம் அதனை வெறுங்கையோடு இழந்தார் என்பதே அதன் பொருள்.

அதே கோப்ஸ் அவ்வாண்டு அகில இங்கிலாந்து வாகையர், 1967இலும் அவரே. இடைப்பட்ட 1966இல் மலேசியாவின் டான் அய்க் ஹுவாங் அப்பெருமையைப் பெற்றார். 1968 முதல் இந்தோனேசியாவின் ரூடி ஹர்த்தோனோவின் காலம் தொடங்கிற்று. இவ்வரிசையில் தாங்கின் பெயர் இடம்பெற வாய்ப்பே இல்லை. சீனா அனைத்துலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் உறுப்பு நாடாக இருக்கவில்லை. அதனால் அதன் வீரர்களுக்கு அப்போட்டிகளின் கதவு அடைத்தே கிடந்தது. 1966இல் சீனாவில் கலாசாரப் புரட்சி வெடித்தபோது உள்நாட்டுக் கதவும் சாத்தப்பட்டது. தேசிய அணியின் பயிற்சி குலைந்தது. விளையாட்டுத் துறைத் தலைவர் ஹோ லுங்கே வேட்டையாடப்பட்டு 1969இல் மாண்டார். அப்போது தாங்கின் வயது இருபத்து நான்கிலிருந்து இருபத்தேழு. ஓர் ஆட்டக்காரரின் பொற்காலம் அதுவே.

1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சீனா மீண்டும் தலைகாட்டியது. ஹோ சியாசாங் ஒற்றையர் தங்கத்தை வென்றார். 1981இல் சீனா அனைத்துலகச் சம்மேளனத்தில் சேர்ந்தது. மறு ஆண்டே, முதன்முறை கலந்துகொண்ட தாமஸ் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவை 5-4 என்று வீழ்த்தியது. கதவு திறந்தபோது தாங்கின் வயது நாற்பது.

1980களின் பிற்பகுதியில் அவர் பிறந்த நாட்டுக்குப் பயிற்றுநராகத் திரும்பினார். அவரிடம் பயின்றோருள் ஆலன் புடிகுசுமாவும் அர்டி விரானத்தாவும் அடங்குவர். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பூப்பந்து பதக்க விளையாட்டாயிற்று. ஆடவர் ஒற்றையர் இறுதியில் எதிரெதிரே நின்றவர்கள் இவ்விருவரே. தங்கம் ஆலனுக்கு, வெள்ளி அர்டிக்கு. இந்தோனேசியக் கொடியை அத்துணை உயரம் ஏற்றியவர் அந்நாட்டின் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்; அது மறுக்கப்பட்டது. 1998இல் அவர் மீண்டும் சீனா சென்றார். அவ்வாண்டு மே மாதம் ஜாகர்த்தாவில் சீனரின் கடைகளும் இல்லங்களும் தீக்கிரையாயின என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கின்றது.

அடுத்து நிகழ்ந்தது காலத்தின் தீர்ப்பு எனலாம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் இறுதியில் சீனாவின் ஜி சின்பெங், இந்தோனேசியாவின் ஹெந்திராவானை நேர் ஆட்டங்களில் வென்றார். 2008இல் பெய்ஜிங்கில் தாங் வளர்த்த லின் டான், மலேசியாவின் லீ சோங் வெய்யை 21-12, 21-8 என்று தோற்கடித்துத் தங்கம் பெற்றார்.

ஒருவருக்கு நாடு எது என்பதை முத்திரைத் தாளே முடிவு செய்த காலத்தில், இரு நாடுகளுக்கும் தம் கலையைத் தந்தவர் தாங் சியென்ஹு. எதிரிகளின் மட்டை அவரைத் தடுத்து நிறுத்தவில்லை. ஆணைகளும் முத்திரைகளும் தடுத்தன. திறமையைத் தன் மண்ணின் மகவென்று ஏற்கத் தயங்கும் நாடு, பின்னொருநாள் அதே திறமையை வலைக்கு மறுபுறம் சந்திக்க நேரும். கிண்ணங்களின் பட்டியல் சொல்லாத இந்த உண்மையை அவர் வாழ்வு சொல்கின்றது.