பாட்டன் டாங்கியும் கரும்புக்காட்டுச் சேறும்

சின்ன வயசில் 'பாட்டன் டாங்கி' என்று முதல்முறை கேள்விப்பட்டபோது, அது யாரோ ஒருத்தருடைய தாத்தா ஓட்டிய டாங்கி என்றுதான் நினைத்துக்கொண்டேன். (சிரிக்காதீங்க, அப்போ எனக்கு ஆறு வயசு.) ஜார்ஜ் பேட்டன் என்ற அமெரிக்க ஜெனரலின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது தெரியவர இன்னும் பத்து வருஷம் ஆனது. ஆனாலும் வீட்டில் பெரியப்பா இன்றைக்கும் 'பாட்டன்' என்றுதான் சொல்வார். அதனால் நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

பெரியப்பா ராணுவத்தில் மெக்கானிக். 1962 சீனப் போருக்குப் பிறகு வேலூர்ப் பக்கத்திலிருந்து கும்பல் கும்பலாகப் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருத்தர். 1965 போரில் அவர் துப்பாக்கி பிடிக்கவில்லை. செப்டம்பர் 23-ம் தேதி சண்டை நின்றபிறகு, பஞ்சாபில் கேம்கரண் பக்கம் வயலில் மாட்டிக்கிடந்த டாங்கிகளை வெளியே இழுக்கிற வேலை அவருக்கு. இதைப்பற்றி அவராக எதுவும் சொல்ல மாட்டார். நாம்தான் தோண்டணும்.

எனக்கோ பிளாஸ்டிக் மாடல் பைத்தியம். 35-ல் ஒரு பங்கு அளவில், அதாவது ஐந்தே முக்கால் அடி ஆள் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிற அளவில், டாங்கிகளை ஒட்டிப் பெயிண்ட் அடிப்பது. பெரியப்பாவுக்காக ஒரு பாட்டன் செய்து தரலாமே என்று ஒரு ஆசை. டாமியாவின் எம்48ஏ3 பெட்டி ஒன்று வாங்கினேன். வந்தது வினை.

பெட்டிக்குள் இருப்பது வியட்நாம் பாட்டன். பாகிஸ்தானிடம் 1965-ல் இருந்தது அது இல்லை. அமெரிக்காவோடு 1954-ல் போட்ட ராணுவ உதவி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களுக்கு வந்தவை எம்47-ம், தொடக்க கால எம்48-ம். நம்ம ஊரில் இரண்டையும் சேர்த்து 'பாட்டன்' என்று ஒரே பெயரில் சொல்லிவிட்டோம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரிதான், ஜாடை இருக்கும், ஆள் வேறு. எம்47-க்கு முன்பக்கம் தகடு தகடாக மடிப்பு இருக்கும், டிரைவர் பக்கத்தில் மெஷின் கன் பிடிக்க ஒரு ஆள் கூடுதல், ஆக உள்ளே ஐந்து பேர். எம்48-க்கு முன்பக்கம் படகு மூக்கு மாதிரி ஒரே வார்ப்பு, நாலு பேர் போதும். இரண்டிலும் 90 மில்லிமீட்டர் பீரங்கி.

என் பெட்டியில் முன்பாதி பிரச்சினை இல்லை. பின்பாதிதான் தகராறு. ஏ3 என்பது டீசல் எஞ்சின் வைத்தது. பின்னால் பெரிய ஜன்னல் கதவு மாதிரி சட்டம் சட்டமாக இரண்டு கதவுகள். பழைய எம்48 பெட்ரோல் எஞ்சின், மேல்தளம் முழுக்கத் தட்டையான கம்பிச் சட்டங்கள். இந்த வித்தியாசம் மாடல் செய்கிறவனுக்கு வெறும் வடிவம். உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்கு உயிர். சுமார் 45 டன் எடையைப் பெட்ரோலில் இழுத்தால் எவ்வளவு தூரம் ஓடும்? தொடக்க கால எம்48 ஒருமுறை நிரப்பினால் 110 கிலோமீட்டர் அளவுக்குத்தான் போகும். அதுவும் ரோட்டில். அடிபட்டால் டீசலைவிடச் சீக்கிரம் தீப்பிடிக்கும். டீசலுக்கு ஏன் மாறினார்கள் என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அந்தப் பின்பக்கத்தை ரம்பத்தால் அறுத்து எறிந்துவிட்டு, அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டை நறுக்கி நறுக்கிச் சட்டம் ஒட்டிய மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தது. (கழுத்து வலிக்குத் தைலம் தடவியது தனிக்கதை.)

கோபுரத்தின் இரண்டு பக்கமும் காது மாதிரி சின்னப் புடைப்பு இருக்கும். கிட்டில் இரண்டு துணுக்குகள், கீழே விழுந்தால் போச்சு. தூரம் அளக்கும் கருவியின் கண்கள் அவை. அந்தக் காலத்துக்கு அபாரமான கருவி. தொலைவில் இருக்கும் எதிரியைத் துல்லியமாக அளந்து, முதல் குண்டிலேயே அடிக்கத்தான் அதை வைத்தார்கள். ஆனால் சண்டை நடந்த இடம் ஆளுயரத்தைத் தாண்டி நின்ற கரும்புக்காடு. சில நூறு கஜத்தில் எவன் இருக்கிறான் என்றே தெரியாதபோது எதை அளப்பது?

சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேம்கரண் வழியாகப் பாய்ந்து பியாஸ் ஆற்றுப் பாலம்வரை போய், அமிர்தசரஸைத் துண்டிப்பது பாகிஸ்தானின் முதலாவது கவசப் படைப்பிரிவின் திட்டம். மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங்கின் நாலாவது மலைப் படைப்பிரிவு பின்வாங்கி, அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றிக் குதிரை லாடம் மாதிரி வளைந்து நின்றது. (அசல், உத்தரம். தமிழனுக்கே அர்த்தம் புரிகிற பெயர். 'சரியான பதில்' என்று வடக்கே பெருமையாகச் சொல்வார்கள்.) கவசப் படைக்குத் தலைமை பிரிகேடியர் தியோகராஜ். கையில் இருந்தவை செஞ்சுரியன்கள், இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஷெர்மன்கள், இலேசான ஏஎம்எக்ஸ்-13கள். மூன்று விதமும் கரும்புக்குள் ஒளிந்தன. செப்டம்பர் 8 முதல் 10 வரை சண்டை. ஜீப்பின் மேல் பொருத்திய 106 மி.மீ. பீரங்கியோடு அப்துல் ஹமீது டாங்கிகளை வேட்டையாடி உயிர்விட்டதும், பரம்வீர் சக்கரம் பெற்றதும் இங்கேதான். அந்தப் பீரங்கி சுட்டால் பின்னாலும் நெருப்பும் புழுதியும் கிளம்பும். இருக்கிற இடம் அந்தக் கணமே தெரிந்துவிடும். சுட்டவுடன் இடம் மாறணும். அதற்குத்தான் ஜீப்.

இந்தியத் தரப்புக் கணக்கில் பாகிஸ்தான் இழந்தது 97 டாங்கிகள். பிடிபட்டவற்றை பிக்கிவிண்ட் பக்கம் வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். அந்த இடத்துக்கே 'பேட்டன் நகர்' என்று பெயர் வந்தது.

மாடலுக்கு வருவோம். ஆலிவ் பச்சையை ஏர்பிரஷில் அடித்தேன். சின்ன மாடலில் நிஜ நிறத்தை அப்படியே அடித்தால் கறுத்துப்போய்த் தெரியும், அதனால் கொஞ்சம் வெள்ளை கலந்து. அதன்மேல் டர்பன்டைனில் கரைத்த பழுப்பு ஆயில் பெயிண்டை மூலை முடுக்கில் இறக்கினேன். கடைசியாகப் பஞ்சாப் சமவெளியாச்சே என்று சாக்குத்தூளை அரைத்து நன்றாகப் புழுதி தூவினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பொங்கலுக்குப் பெரியப்பா வந்திருந்தார். எண்பதைத் தாண்டியாச்சு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே வைத்துப் பார்த்தார். பின்பக்கச் சட்டங்களை விரலால் தடவி, "இது கரெக்ட்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம் கேட்டார்: "ஏன்டா, பரேடுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு? சேறு எங்கே?"

"செப்டம்பர்ல புழுதிதானே பெரியப்பா இருந்திருக்கும்?"

"புழுதியா? வாய்க்காலை உடைச்சு விட்டுட்டாங்கடா நம்ம ஆளுங்க. கரும்புக்கொல்லை பூரா தண்ணி. மேல காய்ஞ்ச மாதிரி இருக்கும், வண்டி ஏறினா உள்ள வாங்கிடும். பல்லு தெரியாம செயின் பூரா அப்பிக்கும். நாங்க போனப்போ பாதி வண்டில அடிபட்ட தடமே இல்ல. மூடி திறந்து கிடக்கு. ஒண்ணுல சாப்பிட வெச்ச தட்டு அப்படியே இருந்துது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "எறங்கி ஓடிட்டானுங்கன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். என் வயசுதானே இருந்திருக்கும் அவனுக்கும். சேத்துல மாட்டின வண்டிக்குள்ள பெட்ரோல் மேல உக்காந்திருந்தா நான் மட்டும் என்ன பண்ணியிருப்பேன்?"

இதை அவர் இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை என்று பெரியம்மா பிறகு சொன்னார்.

அவர் ஊருக்குப் போனதும் புழுதியைக் கழுவினேன். தோட்டத்து மண்ணை அம்மாவின் மாவுச் சல்லடையில் சலித்து (திட்டு வாங்கியது உண்மை), ஃபெவிகால், கொஞ்சம் பழுப்பு பெயிண்ட், காய்ந்த டீத்தூள் சேர்த்துக் குழைத்து, சக்கரங்களுக்கு நடுவே அப்பினேன். ஈரம் தெரிய மேலே பளபளக்கும் வார்னிஷ். செயின் பல் தெரியக்கூடாது என்றாரே, தெரியவில்லை. மேல் மூடிகளைத் திறந்து ஒட்டினேன். பின்பக்கம் வாய்க்காலில் இறங்கியதுபோல் சாய்த்து வைத்ததில், மூன்று வாரம் உயிரைக் கொடுத்துச் செய்த சட்டங்களில் பாதி சேற்றுக்குள் போய்விட்டது. பரவாயில்லை.

கரும்புக்குத் தென்னந்துடைப்பக் குச்சியின் நுனி, இலைக்குப் பச்சைச் சாயம் ஏற்றிய காகிதம். போட்டோ எடுத்துப் பெரியப்பா பேரனின் போனுக்கு அனுப்பினேன். ராத்திரி அவரே கூப்பிட்டார். சேறு சரியாம். கரும்புதான் ரொம்பத் தடியாம், "அங்க இருந்தது நம்ம பொங்கக் கரும்பு மாதிரி இருக்காதுடா, ஒல்லியா இருக்கும்." அப்புறம், டாங்கி வந்த வழியில் ஒன்றுகூட நிற்கக்கூடாதாம், எல்லாம் சாய்ந்துதான் கிடக்கணுமாம்.

துடைப்பம் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உட்காரணும்.