ஒரே தலைப்பில் பல ஓவியங்கள்: கே.சி.எஸ். பணிக்கரும் தொடர் ஓவிய மரபும்

முன்னுரை

எடுத்துக்கொண்ட பொருளை ஒரு படத்தோடு முடித்துவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வரைவது நவீன ஓவியத்தின் முக்கியப் போக்குகளுள் ஒன்று. பிரான்சில் குளோத் மோனே 1890-91இல் வைக்கோற்போர்களை மாறும் வெளிச்சங்களில் தொடராக வரைந்தார். அமெரிக்காவில் ஆண்டி வார்ஹோல் 1962இல் கேம்பெல் சூப் டப்பாக்களை 32 படங்களாக வைத்தார். அதற்கு அடுத்த ஆண்டு சென்னையில் வேறொரு தேடலிலிருந்து ஓர் ஓவியத் தொடர் பிறந்தது. அதைத் தொடங்கியவர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர். அத்தொடரின் தனித்தன்மையை இக்கட்டுரை ஆராய்கிறது.

நெசவின் மறுபடிவம்

ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவது, பணிக்கர் பிறந்த கோயம்புத்தூர் அடங்கிய கொங்கு நாட்டுக்குப் பழகிய அழகு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரின் ஆலைத்துணி உள்ளூர் நெசவை நெருக்கியபோது, பவானி நெசவாளர்கள் தடித்த வண்ண நூலில் ஜமக்காளம் நெய்யத் தொடங்கினர். குழித்தறியில் இருவர் சேர்ந்தமர்ந்து நெய்யும் இதற்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதில் ஒரு பட்டை முந்தைய பட்டையைப் போலவே அமைவதுதான் கைத்திறனுக்குச் சான்று. தொடர் ஓவியத்திலோ ஒவ்வொரு படமும் முந்தையதிலிருந்து எங்கே விலகுகிறது என்பதுதான் முதன்மை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது பிழை.

எழுத்திலிருந்து எழுந்த தொடர்

நிலக்காட்சி ஓவியராக அறியப்பட்ட பணிக்கர், 1944இல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1957இல் அரசு கலைப்பள்ளியின் முதல்வரானார். மேலை ஓவியத்தைக் கற்ற பின்னும் அதன் நிழலில் நிற்க அவர் விரும்பவில்லை. 1963இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ தொடரைத் தொடங்கினார். முதலில் கணிதக் குறிகளும் எண்களும் ரோமன் எழுத்துகளும் வந்தன. பிறகு மலையாள எழுத்தை ஒத்த வரிகளும் ஜாதகக் கட்டங்களும் சேர்ந்தன. அந்த வரிகள் வாசிப்பதற்கானவை அல்ல, பார்ப்பதற்கானவை. அதனால் பொருள் ஒரு படத்தில் முற்றுப்பெறாமல், ஏட்டின் அடுத்த பக்கத்துக்குப் போவதுபோல அடுத்த படத்துக்கு நகர்கிறது. வார்ஹோலின் தொடருக்கு அங்காடிச் சரக்கு மூலம். பணிக்கரின் தொடருக்குக் கையெழுத்தும் கட்டமும் மூலம். 1977இல் மறையும்வரை அவர் இதைக் கைவிடவில்லை.

1966இல் அவர் தலைமையில் உருவான சோழமண்டல ஓவியர் கிராமத்தின் பொருளாதாரமும் இங்கே கவனத்துக்குரியது. பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற வருவாய் அங்கே ஓவியர்களைத் தாங்கியது. வாங்குவோர் விருப்பத்துக்கு அடிபணியாமல் ஒரே தேடலை ஆண்டுக்கணக்கில் தொடரும் உரிமையை அந்தக் கைவினை உழைப்பே தந்தது. கைவினையும் ஓவியத் தொடரும் வேறு வேறு என்றாலும், ஒன்று மற்றொன்றுக்குச் சோறு போட்டதை வரலாறு மறக்கக் கூடாது.

முடிவுரை

தொடர் ஓவியத்தை ஒற்றைப் படமாகப் பார்த்தால் அதன் பாதிப் பொருள் நழுவிவிடும். பணிக்கரின் படங்களை ஒருசேரக் காணத் திருவனந்தபுரத்துக்கும் சோழமண்டலத்துக்கும் செல்லும் நிலை இன்று உள்ளது. அவர் பிறந்த கோவையில், ஓவியக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் ஒருங்கே கொண்ட கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. ‘சொற்களும் குறியீடுகளும்’ தொடரைக் கால வரிசையில், கொங்கு நெசவுக்கு அருகிலேயே வைத்துக் காட்டும் ஒரு கண்காட்சியைக் கோவையின் கலை அமைப்புகள் முன்னெடுக்க வேண்டும்.