அரங்கத்துக் கோபுரமும் அகன்ற ஆடியும்

திருவரங்கத்து இராஜகோபுரத்தை அருகில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கழுத்துவலி புதிதன்று. அதே இடத்தில் நின்று அடி முதல் முடி வரை ஒரே படத்தில் அடக்க முயன்றவர்களுக்கு, அது எத்துணை அரிய செயல் என்பதும் தெரிந்திருக்கும். இந்த இடர்ப்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு.

சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். அவர் நெகட்டிவ்களுக்குப் பயன்படுத்தியது மெழுகேற்றிய தாள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை வரி அறுபடாமல் காட்ட விரும்பிய அவர், சுவரையொட்டி நகர்ந்து எடுத்த 21 படங்களை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஆடியால் இயலாததை அவருடைய கால்கள் செய்து முடித்தன. ஆயினும் 1859இல் பொறுப்பேற்ற ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன், செலவைக் காரணம் காட்டி அப்பணியை முடக்கினார்.

அதே 1859இல் இங்கிலாந்தில் தாமஸ் சட்டன், இரு கண்ணாடிகளுக்கிடையே நீர் நிரப்பிய ஓர் ஆடிக்குக் காப்புரிமை பெற்றார். அது பக்கவாட்டில் 120 பாகை கண்டது. ஆனால் வளைந்த கண்ணாடித் தகட்டில்தான் படம் விழும்.

கோபுரத்தின் கதையோ வேறு. காமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரம் பின்னால் சரிவதுபோல் தெரியும். ஆகவே மட்டமாக வைத்தாக வேண்டும். 236 அடிக் கோபுரத்தை 100 அடித் தொலைவிலிருந்து நோக்கினால், உச்சி சுமார் 67 பாகை மேலே இருக்கும். அங்கே இன்னொரு சிக்கல்: சாய்கோணம் கூடக்கூட ஒளி குன்றும். பொதுக் கணக்குப்படி 45 பாகையில் நாலில் ஒரு பங்கு. 67 பாகையில் நாற்பதில் ஒன்றுக்கும் குறைவு.

1900இல் கோயர்ஸ் நிறுவனத்தின் எமில் ஃபான் ஹோய்க் வடிவமைத்த ஹைபர்கான் இதற்கு ஒரு விடை கண்டது. இரண்டே கண்ணாடிகள், சுமார் 135 பாகைப் பார்வை. நடுவில் மிகும் ஒளியை மறைக்க, முன்னே நட்சத்திர வடிவில் சுழலும் ஒரு சிறு தகடு. அதன் பாதிக் கோணம் நம் கோபுரத்துக்குச் சரியாகப் போதும்!

ஆனால் அன்று கோபுரம் ஏது? பல நூற்றாண்டுகள் மொட்டையாகவே நின்ற அது நிறைவடைந்தது 1987இல்தான். டிரைப் வந்தபோது ஆடியும் இல்லை, கோபுரமும் முழுமை பெறவில்லை. ஆடி வந்தபோதும் கோபுரம் வளர்ந்திருக்கவில்லை. இன்று இரண்டும் நமக்கு வாய்த்திருக்கின்றன. ஆயினும், நகர்ந்து நகர்ந்து பார்த்த டிரைப்பின் பொறுமை நமக்கு வாய்த்திருக்கிறதா என்பதே கேள்வி.