நாயினத் தூய்மை என்னும் கொள்கை: அதன் தோற்றமும் விளைவும்

நாயைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. ஞமலி, ஞாளி, எகினம், சுணங்கன், குக்கல் முதலியவற்றை நிகண்டுகள் தொகுத்துரைக்கின்றன. தொல்காப்பிய மரபியல், நாயின் இளமைக்குக் குருளை என்னும் பெயரையும், பெண்மைக்குப் பாட்டி என்னும் பெயரையும் வகுத்தோதும். இவையெல்லாம் பொதுமையும் இளமையும் பெண்மையும் பற்றி எழுந்தனவேயன்றிக் கால்வழித் தூய்மை பற்றி எழுந்தன அல்ல. இக்கால வழக்கிலோ 'சாதி நாய்' என்றும் 'நாட்டு நாய்' என்றும் இரு கூறாக்கிப் பேசுகின்றோம். தாய் தந்தையரும் அவர்தம் முன்னோரும் ஓர் ஏட்டிற் பதியப்பெற்ற நாயே சாதி நாய் என்பது இவ்வழக்கின் உட்கிடை. இக்கருத்து எங்கே, எப்பொழுது, எவரால் தோற்றுவிக்கப்பெற்றது என்பதையும், அதனால் அவ்வுயிர்க்கு நேர்ந்த கேடு யாது என்பதையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாயினங்கள் பழமையானவை, பழமையான ஆதலின் தூயவை, தூயவை ஆதலின் நலமுடையவை என்பது பலரும் கொண்டுள்ள எண்ணம். இம்மூன்று கூற்றும் வரலாற்றின்முன் நில்லா என்பதே எம் துணிபு.

தொழில் பற்றிய பாகுபாடு

இங்கிலாந்து நாட்டு நாய்களைப் பற்றி முதற்கண் தனி நூல் யாத்தவர் ஜான் கீஸ் என்னும் மருத்துவர். அவர்தம் இலத்தீன் நூல் 1570இல் வெளிவந்தது. 1576இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பெற்றது. அந்நூலின் பாகுபாடு பெரிதும் தொழில் பற்றியது. மோப்பத்தால் வேட்டையாடுவன, விரைவால் வேட்டையாடுவன, பறவையைக் கண்டு அறிவிப்பன, மந்தை காப்பன, மனை காப்பன, மகளிர் மடியில் இருப்பன என்றாங்கு நாய்கள் வகுக்கப்பெற்றன. ஒரு நாய் தன் தொழிலைச் செவ்வனே செய்யின் அது நல்ல நாய். அதன் காது எவ்வளவு நீளம், மூக்கு எவ்வளவு குறுக்கம் என்னும் வினாக்கள் அத்தொழிலுக்கு அடங்கியே நின்றன. ஓடவியலாத வேட்டை நாயையும், மூச்சுத் திணறும் காவல் நாயையும் எவரும் பேணி வளர்த்து இனம் பெருக்கியிரார். தொழிலே உடல்நலத்திற்குக் காவலாய் நின்றது என்க.

கண்காட்சியும் பதிவேடும்

இந்நிலை 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் மாறியது. 1859ஆம் ஆண்டு சூன் திங்களில் நியூகாசில் நகரில் நாய்களுக்கென முறைப்படி ஒரு கண்காட்சி நடைபெற்றது. பாயிண்டர், செட்டர் என்னும் இருவகை வேட்டை நாய்களே அதில் இடம்பெற்றன. வந்தவை ஏறத்தாழ 60. வென்றோர்க்குத் துப்பாக்கி பரிசிலாக வழங்கப்பெற்றது. ஒரு வகையின் நடுவரது நாய் மற்றொரு வகையிற் பரிசு பெற்றது என்பர். இவ்வாறு தொடக்கத்திலேயே நடுவுநிலை ஐயத்திற்கு இடமாயிற்று. எனினும் கண்காட்சிகள் விரைந்து பெருகின. இருப்புப்பாதை நாட்டின் மூலைமுடுக்குகளை இணைத்தமையால் நாய்களை நெடுந்தொலைவு கொண்டுசெல்வது எளிதாயிற்று. புதுச்செல்வம் பெற்ற நடுத்தர வகுப்பாருக்கு அழகிய நாய் ஒரு பெருமைச் சின்னமும் ஆயிற்று.

வயலிலும் காட்டிலும் நாயின் தொழிலைக் காணலாம். கண்காட்சி மேடையில் வடிவையன்றி வேறொன்றையும் காணவியலாது. ஆகவே வடிவுக்கு இலக்கணம் வகுக்க வேண்டியதாயிற்று. 'ஸ்டோன்ஹெஞ்ச்' என்னும் புனைபெயர் பூண்ட ஜான் ஹென்றி வால்ஷ், தலைக்கு இத்துணை, காலுக்கு இத்துணை, வாலுக்கு இத்துணை என மதிப்பெண் பகுத்து எழுதினார். 1873இல் சூவாலிஸ் ஷர்லி என்பாரும் பிறரும் கூடிக் 'கென்னல் கிளப்' என்னும் கழகத்தை நிறுவினர். 1874இல் அக்கழகம் வெளியிட்ட முதற் கால்வழிப் பதிவேட்டில் 4,027 நாய்கள் இடம்பெற்றன. சார்லஸ் கிரஃப்ட் என்னும் வணிகர் தம் பெயரால் 1891இல் தொடங்கிய கண்காட்சி இன்றளவும் நடைபெற்று வருகின்றது.

இப்பதிவேடு நாளடைவில் அடைபட்ட ஏடாயிற்று. ஏட்டிலுள்ள இருநாய்க்குப் பிறந்ததே அவ்வினம். புறத்திருந்து வருவது எத்துணை நலமுடையதாயினும் கலப்பு. இன்று நாம் 'இனம்' என வழங்கும் பொருள் இவ்வாறு பிறந்ததேயாகும். வொர்பாய்ஸ், ஸ்ட்ரேஞ்ச், பெம்பர்ட்டன் என்னும் மூவர் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல், இக்கால நாயினம் என்பது விக்டோரியா அரசியார் காலத்துப் புத்தாக்கமே என விரிவாக நிறுவுகின்றது. எனவே இனங்கள் மிகப் பழமையானவை என்னும் முதற்கூற்று பொருந்தாமை பெறப்படும். மூதாதையர் பழமையாயிருக்கலாம், ஏடும் இலக்கணமும் அடைப்பும் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பிற்பட்டனவே.

அடைப்பினால் விளைந்தது

மூடிய கூட்டத்துள் உறவுக்குள் உறவு சேர்தல் தவிர்க்கவொண்ணாதது. பரிசு பெற்ற ஓர் ஆண்நாயை அனைவரும் விரும்பிப் பயன்கொள்ளின், சில தலைமுறைகளில் அக்கூட்டம் முழுதும் அதன் வழிவந்ததாகிவிடும். ஒவ்வோர் உயிரும் மறைந்துறையும் சில மரபணுக் குறைகளைத் தாங்கியே பிறக்கின்றது. தாயும் தந்தையும் வேற்றுக் குடியினராயின் ஒன்றன் குறையை மற்றொன்றன் நிறை மறைக்கும். ஒரே குடியினராயின் குறையும் குறையும் கூடி நோயாய் வெளிப்படும். நெருங்கிய உறவிற் கலத்தலின் தீங்கைச் சார்லஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட தம் நூலிலேயே எடுத்துரைத்துள்ளார். ஆகவே பின்வந்தோர் அறியாமையாற் செய்தனர் என்பது முற்றும் பொருந்தாது.

2008இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்த ஆய்வாளர், கென்னல் கிளப் பதிவேட்டையே சான்றாகக் கொண்டு 10 இனங்களை ஆராய்ந்தனர். அவற்றுள் எட்டு இனங்களில், ஏட்டில் எண்ணிறந்த நாய்கள் இருப்பினும், மரபணு வேறுபாட்டளவில் அவை 40 முதல் 80 நாய்களுக்கே ஒப்பாவன எனக் கண்டனர். ஏழு இனங்கள் ஆறே தலைமுறைகளில் தமக்கே உரிய அரிய மரபணு வேறுபாடுகளுள் 90 விழுக்காட்டிற்கு மேல் இழந்துவிட்டன என்றும் கணித்தனர். தூய்மையைக் காத்தற்கு எழுந்த ஏடே தூய்மையின் கேட்டிற்குச் சான்றானமை ஈண்டு நோக்கத்தக்கது.

புல்டாக்: வடிவின் மிகை

அடைப்பினும் கொடியது வடிவின் மிகை. இதற்குப் புல்டாக் என்னும் நாயே தலையாய எடுத்துக்காட்டு. கட்டிய காளையின்மேல் நாயை ஏவி மகிழும் கொடுவிளையாட்டு இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலவியது. அதற்கு வளர்க்கப்பெற்றதே இந்நாய். 1835ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விளையாட்டைத் தடுத்தது. தொழிலிழந்த நாய் கண்காட்சி மேடை ஏறியது. அகன்ற தலை, குறுகிய முகம், மடிந்த தோல் என்பன இலக்கணமாகவே, ஒவ்வொரு தலைமுறையிலும் சற்று மிகுதியுடையது பரிசு பெற்றது. அம்மிகுதியே அடுத்த தலைமுறைக்குத் தொடக்கமாயிற்று.

விளைவு யாது? மண்டையெலும்பு குறுகியதேயன்றி உள்ளிருக்கும் நாவும் மெல்லண்ணமும் அவ்வளவிற்குக் குறுகவில்லை. அவை மூச்சுவழியை அடைக்கின்றன. மூக்குத் துளையும் ஒடுங்கியது. நாய் தன் உடல்வெப்பத்தைப் பெரிதும் இளைப்பினாலேயே தணிப்பது. அவ்விளைப்பே இந்நாய்க்கு அரிதாயிற்று. தலை பெருத்து இடுப்பு ஒடுங்கியமையால் ஈனுதலும் இயற்கையில் இயலாதாயிற்று. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, பிரித்தானியாவிற் புல்டாக் ஈற்றுகளுள் 86 விழுக்காடு வயிற்றை அறுத்தே எடுக்கப்பெற்றன. அறுவை மருத்துவர் இன்றேல் இவ்வினத்திற் பெரும்பகுதி அடுத்த தலைமுறையைக் காணாது என்பது இதனாற் போதரும். வீரத்தின் சின்னமாக ஒரு நாடு போற்றிய விலங்கின் நிலை இது.

கவேலியர்: மீட்பின் முரண்

மற்றொரு வரலாறு இதனினும் கருதற்குரியது. 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் இங்கிலாந்து அரச குடும்பத்தாருடன் சிறு ஸ்பானியல் நாய்கள் காணப்படுகின்றன. அவை நீண்ட மூக்குடையன. 19ஆம் நூற்றாண்டில் தட்டைமுகமே வனப்பெனக் கொள்ளப்பெற்றமையால் அப்பழைய வடிவு மறைந்தது. 1926இல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்னும் அமெரிக்கர், ஓவியத்திற் காணும் வடிவுடைய ஸ்பானியலுக்கு 25 பவுன் பரிசில் தருவதாகக் கிரஃப்ட் கண்காட்சியில் அறிவித்தார். ஆர்வலர் சிலர் முயன்றனர். 1928இற் சங்கம் கண்டனர். 1945இற் கவேலியர் என்னும் தனியினம் ஏட்டில் ஏறியது.

நோக்கம் பழுதுடையதன்று. மூச்சிழந்த நாய்க்கு மூக்கை மீட்டுத் தருதலே அவர் கருத்து. ஆயின் மீட்சிக்கு அடியாய் அமைந்தவை மிகச் சில நாய்களே. அவற்றின் வழியே இனம் முழுதும் பெருகியது. அச்சிலவற்றின் குறை அனைத்திற்கும் உரியதாயிற்று. கவேலியர் நாய்களுள் ஏறத்தாழப் பாதி ஐந்தாம் அகவைக்குள் இதயத் தடுக்கிதழ் நோயின் அறிகுறி காட்டுகின்றன. மூளைக்கேற்ற இடமில்லாச் சிறு மண்டையால், பின்மூளை பிதுங்கித் தண்டுவடத்துள் நீர்க்குழிகள் தோன்றும் கொடுநோயும் இவ்வினத்திற் பரவியுள்ளது. மீட்க எழுந்தோரே மற்றொரு சிறைக்கு வழிகோலினர்.

இதே இனத்தைச் சார்ந்த 'லூசி' என்னும் பெண்நாய் 2013இல் வேல்சு நாட்டுக் குட்டிப் பண்ணையொன்றினின்று மீட்கப்பெற்றது. ஓய்வின்றி ஈன்று ஈன்று மெலிந்த அந்நாய் 2016இல் இறந்தது. வளர்ப்பவரன்றி இடைத்தரகர் குட்டிகளை விற்றலைத் தடுத்து 2020 ஏப்ரலில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த விதி அதன் பெயராலேயே 'லூசி சட்டம்' என வழங்குகின்றது. கண்காட்சிப் பெருமை ஒருபுறமும் வணிக வேட்கை மறுபுறமும் நின்று ஒரே உயிரை நெருக்கியமை இதனால் விளங்கும்.

மாற்றும் மறுப்பும்

இக்கேட்டிற்கு மாற்று இல்லையோ எனின், உண்டு. டால்மேஷியன் என்னும் புள்ளிநாய் இனம் முழுதும் சிறுநீரில் யூரிக் அமிலம் மிக்குக் கல் தோன்றும் குறைக்கு உட்பட்டது. ராபர்ட் ஷைபிள் என்னும் மரபியலறிஞர் 1973இல் அவ்வினத்தைப் பாயிண்டர் நாயொன்றனோடு ஒரேயொரு முறை கலந்து, பின்னர்த் தலைமுறைதோறும் டால்மேஷியனோடே சேர்த்துவந்தார். சில தலைமுறைகளில் வடிவிற் சிறிதும் வேறுபாடு காணவியலாத, ஆனால் அக்குறை நீங்கிய நாய்கள் கிடைத்தன. அமெரிக்கக் கழகம் 1981இல் இரண்டினைப் பதிந்து, எதிர்ப்பெழவே நிறுத்திவிட்டது. மீண்டும் கதவு திறந்தது 2011இல்தான். மருந்து கைக்கெட்டிய பின்னரும் 30 ஆண்டுகள் வீணாயின. தடையாய் நின்றது அறியாமையன்று, தூய்மை என்னும் சொல்லே.

2008 ஆகத்தில் பி.பி.சி. தொலைக்காட்சி இக்கேடுகளை விளக்கும் படமொன்றை ஒளிபரப்பியது. தான் நெடுநாள் ஒளிபரப்பிவந்த கிரஃப்ட் கண்காட்சியையும் 2009இல் விட்டொழித்தது. அவ்வாண்டிலேயே கென்னல் கிளப், தாய்க்கும் மகனுக்கும், தந்தைக்கும் மகளுக்கும், உடன்பிறந்தார்க்கும் பிறந்த குட்டிகளை ஏட்டில் ஏற்பதை நிறுத்தியது. இலக்கணங்கள் சிலவற்றையும் திருத்தியது. அதுகாறும் அவை ஏற்கப்பெற்றுவந்தன என்பது இதனாற் பெறப்படும் உண்மை. 2010இற் கேம்பிரிட்ச் விலங்கியலறிஞர் பாட்ரிக் பேட்சன் அளித்த அறிக்கை, பொறுப்பற்ற குட்டிப் பண்ணை, நெருங்கிய உறவிற் கலப்பு, வடிவின் மிகை என்னும் மூன்றனையும் கேட்டின் வேராகச் சுட்டியது. நார்வே நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல், நிலவிவந்த முறையிற் கவேலியர் நாய்களை இனம்பெருக்குதல் விலங்கு நலச் சட்டத்திற்கு முரண் எனத் தீர்ப்பளித்தது. புல்டாக் பற்றி அவ்வாறு கூறவில்லை.

நடுவுநிலையில் நின்று ஒன்று கூறல் வேண்டும். கலப்பு நாய் நோயற்றது என்றோ, பதிவேடு தன்னளவில் தீது என்றோ யாம் கூறவில்லை. ஏடு இல்லையேல் நோயின் வழியைக் கண்டறிதலும் அரிது. ஏட்டைக் காவலாகக் கொள்ளாது கோட்டையாகக் கொண்டதே பிழை.

நமக்குரிய பாடம்

இவ்வரலாறு தமிழகத்திற்குப் புறம்பானதன்று. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்பன ஊரும் தொழிலும் பற்றி அறியப்பெற்ற நம் நாட்டு நாய்கள். இராசபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005இல் அஞ்சல்தலை வெளியிட்டது. இன்று இவற்றைக் காத்தல் வேண்டும் என்னும் ஆர்வம் பெருகிவருதல் மகிழ்தற்குரியதே. ஆயின் 1926இல் இலண்டனில் எழுந்த ஆர்வமும் இத்தகையதே என்பதை மறத்தலாகாது. இராசபாளைய நாய்க்கு வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்குமே இலக்கணம் எனக் கொண்டு, நிறமுடைய குட்டிகளை விலக்கின், எஞ்சும் கூட்டம் மேலும் சுருங்கும். நிறமியின்மையும் செவிட்டுத்தன்மையும் நாய்களிற் பலவிடத்து ஒருங்கு காணப்படுவன. இவ்வினத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறத்தல் உண்டு. வெண்மையைத் தேடுவோர் செவியை இழக்கச் செய்கின்றனர்.

இந்திய அரசு 2017இல் வகுத்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள், இனம்பெருக்குவோர் மாநில விலங்கு நல வாரியத்திற் பதிதல் வேண்டும் என்றும், 18 திங்கள் நிரம்பாப் பெண்நாயை ஈனச் செய்தல் கூடாது என்றும் விதிக்கின்றன. இவை பண்ணையின் கொடுமையைத் தடுக்க வல்லன. கருத்தின் பிழையைத் தடுக்க வல்லன அல்ல. அதனைத் தடுப்பது வரலாற்றறிவே.

தொல்காப்பியர் நாய்க்கு மரபுப்பெயர் வகுத்த இடத்தில் உயர்வு தாழ்வு வகுத்திலர். சாதி என்னும் சொல்லை நாமே பிற்காலத்து அவ்வுயிரின்மேல் ஏற்றினோம். தூய்மை என்பது ஏட்டில் எழுதப்பெற்ற சொல். மூச்சும் செவியும் நடையும் உயிர்க்கு உரியவை. முன்னதன்பொருட்டுப் பின்னவற்றை இழக்கச் செய்தல் அறமாகாது என்பதே இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் முடிபு.